நர்ஸின் குரலுக்கு மதிப்பு வேண்டும்

ஆஸ்பத்திரியில் இருந்த நோயாளி திடீரென்று இறந்துவிட்டார் என்று சொல்வது உலக வழக்கம். பெரும்பாலும் அது திடீரென்று நேர்வதன்று. மூச்சு வேகமாகிறது, நாடி விரைகிறது, பேச்சுத் தடுமாறுகிறது. மரணத்துக்குப் பல மணி நேரம் முன்னரே உடல் முறையிடத் தொடங்கிவிடுகிறது. அம்முறையீட்டை முதலில் கேட்பவர் யார்? வந்து பார்த்துப் போகும் டாக்டர் அல்லர். இரவும் பகலும் வார்டிலேயே நிற்கும் நர்ஸே. அவர் கேட்டதைப் பிறர் கேட்கிறார்களா என்பதே நமது கேள்வி.

லண்டனிலுள்ள ராயல் வைத்தியர் கல்லூரி 2012-ல் இதற்கென ஒரு முறையை வகுத்து, 2017-ல் திருத்தியது. மூச்சு, இரத்தத்திலுள்ள பிராணவாயு, இரத்த அழுத்தம், நாடி, பிரக்ஞை, உடற்சூடு ஆகிய ஆறுக்கும் எண் இடப்படுகிறது. நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு இருந்தால் குற்றமில்லை. 25-ஐ எட்டினால் 3 எண். புதிதாகத் தோன்றும் மனக்குழப்பத்துக்கும் 3 எண். மொத்தம் 5 ஆனால் டாக்டரை விரைந்து அழைக்க வேண்டும். 7 ஆனால் அவசர சிகிச்சைக் குழுவே வரவேண்டும். மூச்சை எண்ணுவதற்குப் பெரிய யந்திரம் வேண்டியதில்லை. கடிகாரமும் கவனமும் போதும்.

ஆயினும் தாளில் எண் ஏறுவதால் மட்டும் உயிர் நிலைத்துவிடாது. ஆஸ்திரேலியாவில் 23 ஆஸ்பத்திரிகளில் நடைபெற்று 2005-ல் வெளியான ஆராய்ச்சியில், அவசரக் குழு அமைத்த இடங்களுக்கும் அமைக்காத இடங்களுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. அபாயக் குறிகள் தோன்றிய பின்னரும் பலருக்காக அக்குழு அழைக்கப்படவேயில்லை!

அழைப்பைத் தடுப்பவை இரண்டு என்பது நமது அபிப்பிராயம். ஒன்று நேரமின்மை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்து 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட முடிவு இது: ஒரு நர்ஸின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடும்தோறும், ரண சிகிச்சை பெற்றவர் 30 நாட்களுக்குள் இறக்கும் அபாயம் நூற்றுக்கு 7 வீதம் கூடியிருந்தது. கலிபோர்னியாவில் 2004 முதல் நர்ஸ் ஒருவருக்கு இத்தனை நோயாளிகளே என்று சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது.

மற்றொன்று அச்சம். பெரிய டாக்டரை நள்ளிரவில் எழுப்பினால் என்ன நேருமோ என்னும் அச்சம் சிறிதன்று. லண்டனில் 2021-ல் மார்த்தா என்னும் 13 வயதுச் சிறுமி, இரத்தத்தில் விஷக்கிருமி பரவி இறந்தாள். பெற்றோர் கவலை தெரிவித்தும் பலனில்லை. தீவிர சிகிச்சைக்கு முன்னரே மாற்றியிருந்தால் அவள் பிழைத்திருக்கக்கூடும் என்று 2022-ல் மரண விசாரணை அதிகாரி தீர்மானித்தார். அதன் விளைவாக 2024-ல் பிறந்ததே ‘மார்த்தா விதி’. சிகிச்சை செய்யும் டாக்டரின் அனுமதியை எதிர்பாராமல், குடும்பத்தாரும் ஊழியரும் வேறொரு குழுவை நேரே அழைக்க அது உரிமை அளிக்கிறது.

நம் நாட்டு நிலை என்ன? தமிழ்நாட்டில் 2015-ல் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்ட நர்ஸுகள், பணி நிரந்தரம் கோரி 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராடினர். தன் வேலையே நாளைக்கு நிலைக்குமோ என்று அஞ்சும் ஒருவர், மேலதிகாரியின் முகத்துக்கெதிரே ‘இந்த நோயாளிக்கு அபாயம்’ என்று எப்படி அடித்துச் சொல்வார்? ஊதியப் போராட்டம் என்று அதை ஒதுக்குவோர் இதைச் சிந்திக்க வேண்டும். நர்ஸின் உத்தியோகப் பாதுகாப்பே நோயாளியின் பாதுகாப்பு.

போதிய நர்ஸுகள், நிரந்தரப் பணி, தண்டனைக்கு அஞ்சாமல் உதவி அழைக்கும் எழுத்துமூலமான உரிமை ஆகிய மூன்றையும் சர்க்கார் அளிக்கவேண்டுமென்று வற்புறுத்துகிறோம். கட்டிடங்களுக்கும் யந்திரங்களுக்கும் செலவிடும் பணம் வீணென்று நாம் கூறவில்லை. அபாயத்தைக் கண்டவர் வாய் திறக்க அஞ்சும் இடத்தில் அவை மட்டும் உயிர் காக்கமாட்டா என்றே கூறுகிறோம்.