சும்மா சுத்துறதும் உரிமைதான்

டுபாயிலும் கட்டாரிலும் வேலை செய்யும் நாங்கள், லீவுக்கு ஊருக்கு வந்தால் காலையில் பட்டிப்பொலவில் சைக்கிளை எடுத்து அம்பேவெல பக்கம் மெதுவாக மிதிக்கிறோம். எந்த அலுவலும் இல்லை, சும்மா. உடனே கேள்வி வருது: “வேல வெட்டி இல்லையா? வெளிநாட்டுக் காசு திமிரா?” ஹோட்டன் சமவெளிக்குப் போகும் வெள்ளைக்காரன் இதே ரோட்டில் மிதித்தால் மட்டும் கைகாட்டிச் சிரிக்கிறோம்.

ஏன் இந்த வித்தியாசம்? கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் என்ற கணக்கில் வளர்ந்தவர்கள் நாம். நாட்சம்பளம் 1,000 ரூபா ஆவதற்கே 2021 வரை காத்திருந்தோம். ஓய்வு என்றால் சோம்பல் என்று தோட்டம் சொல்லித்தந்தது. அதையே நாமும் நம்ம பிள்ளைகளுக்குச் சொல்றோம்.

1893இல் இந்த வழியாகத்தான் ரயில் அப்புத்தளைக்குப் போனது. மலையை வெட்டி ரோடும் ரயில் பாதையும் போட்ட கூலிகளின் பேரப்பிள்ளைகள், அதே ரோட்டில் போக யாருக்குக் காரணம் சொல்லணும்?

சைக்கிள் மிதித்தால் சம்பளம் கூடாது, தெரியும். ஆனா சம்பளத்தோடு ஓய்வையும் சேர்த்துக் கேட்போம்.

அடுத்த ஞாயிறு தங்கச்சிக்கும் சைக்கிளைக் கொடுங்க. “எங்க போற?” என்று கேட்டால், “சும்மா” என்றே சொல்லட்டும்.