தர்ஜினியும் மாகாண சபையும்

2018 ஆம் ஆண்டு செப்டெம்பர்த் திங்களில் சிங்கப்பூரில் நடைபெற்ற ஆசிய வலைப்பந்தாட்ட இறுதியாட்டத்தில், அந்நாட்டாரையே 69-50 என்ற கணக்கில் வென்று, ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் இலங்கை அணி கிண்ணத்தை மீட்டது. அவ்வெற்றியின் முதுகெலும்பாய் நின்றவர், புன்னாலைக்கட்டுவனைச் சார்ந்த ஈவினையிற் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் அவர்கள். கொழும்பு ஆரவாரித்தது. அடுத்த திங்களிலேயே வட மாகாண சபையின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிவுற்றது; அதன்பின் தேர்தல் ஆண்டாண்டாகப் பின்போடப்பட்டது. இவ்விரண்டிற்கும் என்ன தொடர்பென வாசகர் வினவலாம். தொடர்பு உண்டென்பதே எமது வாதம்.

தர்ஜினியின் ஆற்றலை நாம் மிகைப்படுத்துவதாக எவரும் கருதவேண்டா. 2019 இல் லிவர்பூல் நகரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் பங்குகொண்ட நாடுகள் 16; இலங்கை அடைந்த இடம் 15. ஆயின் அத்தனை நாட்டு வீராங்கனைகளிலும் மிகுதியான கோல்களைப் போட்டவர் இவரே, 348 கோல்கள். கடைநிலை அணியொன்றில் நின்று உலகின் முதலிடத்தைப் பற்றுவதெனில், அது அணியின் பலத்தால் வந்ததன்று என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமோ? அவுஸ்திரேலியக் கழகங்கள் அவரை அழைத்து ஆடவைத்தன. 2022 இல் ஆசியக் கிண்ணம் மீண்டும் கிட்டியது. 2023 இல், 44 வயதில், கேப் டவுனிலும் களமிறங்கினார். அவரது உயரம் 6 அடி 10 அங்குலம். நெடிய பெண்ணைப் பனையோடு ஒப்பிட்டு நகைப்பது நம்மவர் வழக்கம். அக்குற்றத்திற்கு நாமும் விலக்கல்லோம். உயரம் இயற்கை தந்தது. குறி தவறாத கை பயிற்சி தந்தது.

பாரதத்தை நோக்குக. ஹரியானாவின் ஷாஹாபாத்தில் வண்டியிழுத்துப் பிழைத்தவரின் மகள் ராணி ராம்பால், 2010 இல், 15 வயதில், உலகக் கிண்ண ஹொக்கியில் ஆடினார். 2021 இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் தலைமையில் இந்திய மகளிர் நான்காமிடம் பெற்றனர். 2024 இல் அவர் ஓய்வுபெற்றார். அந்த நாட்டு ஹொக்கி அணிகளுக்கு 2018 முதல் அனுசரணை வழங்கியது யார்? ஒடிசா மாநில அரசு! தன் கருவூலத்தைத் தானே திறக்கும் அதிகாரம் அதற்கு இருந்தமையாலன்றோ இது இயன்றது? இந்திய மாநிலங்களின் அதிகாரமே நமக்குப் போதுமென்று நாம் கூறவில்லை. அது வேறு வழக்கு.

வட மாகாண சபையிலும் விளையாட்டுத்துறைக்கு அமைச்சர் ஒருவர் இருந்தார். பெயரளவிலேயே இருந்தார் என்பாருமுளர். ஆயினும் வாக்காளர் அவரை வழிமறித்து, "எங்கள் ஊர் மைதானம் எங்கே?" என்று கேட்கலாம். சனாதிபதி நியமிக்கும் ஆளுநரை யார் கேட்பது? பொன்னாடை போர்த்துவதில் நம் அரசியலாரும் பின்னிற்பதில்லை. பொன்னாடை பயிற்றுநருக்குச் சம்பளமாகுமா?

ஆகவே, தர்ஜினிக்குக் கைதட்டிய அரசிடம் நாம் கேட்பது இன்னொரு பாராட்டு விழாவன்று. மாகாண சபைத் தேர்தலுக்கு நாள் குறியுங்கள். வடக்கின் விளையாட்டுக்கென ஒதுக்கும் பணத்தை, அது எத்துணைச் சிறிதாயினும், வடக்கு மக்கள் தெரிந்தனுப்பும் சபையின் கையிற் கொடுங்கள். கணக்கை நாம் எமது பிரதிநிதிகளிடம் கேட்டுக்கொள்வோம்.