கொடியைப் பார்த்துச் சிரிச்சது போதும்

நம்ம நகராண்மைக் கழகத்தோட புதுக் கொடிப் படம் வந்த நாள்லேர்ந்து ஆலய வாட்சாப் குழுவுல ஒரே கேலி. "மாமாக் கடை மேசை விரிப்பு"ன்னு ஒருத்தர் போட்டதுக்கு அத்தனை பேர் சிரிப்பு. எனக்கும் அந்தக் கொடி பிடிக்கலை. ஆனா சிரிச்சா கொடி மாறுமா?

என் கோபம் அழகைப் பத்தி இல்லை. நம்மைக் கேட்கலை, அதான். 1949-ல், வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே, மலாயா கொடிக்குப் போட்டி வச்சாங்க. 373 படம் வந்துச்சு. மூணைத் தேர்ந்தெடுத்து, மலாய் மெயில் பத்திரிகை வழியா மக்கள் கருத்தைக் கேட்டாங்க. ஜெயிச்ச படத்துலகூட 5 முனை நட்சத்திரத்தை 11 முனையா திருத்தினாங்க. அப்புறம்தான் 1950-ல் கொடி ஏறுச்சு. அன்னைக்கு முடிஞ்சது இன்னைக்கு முடியாதா? எங்க தொழிற்சாலையில புது லேபல்னாக்கூட முதல்ல சேம்பிள் காட்டிக் கேட்டுத்தான் லைனை ஓடவிடுவோம்.

கவுன்சிலரை நாம ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறதில்லை. 1965-ல் ஊராட்சி மன்றத் தேர்தலை நிறுத்தினாங்க, நிறுத்தினது நிறுத்தினதுதான். நம்ம கையில மிச்சம் இருக்கிறது எழுத்து ஒண்ணுதான். அதையும் கேலியில கரைக்கிறோம். சிரிப்புப் படத்தை எந்த அதிகாரியும் கோப்புல வைக்க மாட்டார்.

"கொடிதானே, நமக்கென்ன?" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. தைப்பூச ரதம் போற சாலை, கோயில் பின்னாடி கால்வாய், குப்பை லோரி, இதுக்கெல்லாம் யார்கிட்டப் போறோம்? கொடிக்கே கேட்காதவங்க, நாளைக்கு ரதம் போற வழியை மாத்தும்போது கேட்பாங்களா?

நம்ம கொடியேற்றத்துக்கு முன்னாடி துணியில சின்னக் கிழிசல் இருந்தாலும் உடனே சொல்லிச் சரி பண்றோம். ஏத்தவிட்டுட்டுக் கீழே நின்னு சிரிக்கிறதில்லை. அந்த முறைதான் இங்கேயும்.

கொடியை அடுத்த மாசம் ஏத்தப் போறாங்க. வெள்ளிக்கிழமை இரவுப் பூசை முடிஞ்சதும் அன்னதான மண்டபத்துல மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். மலாய்மொழியில கடிதம் தயார். ரெண்டே கோரிக்கை: ஏத்துறதை ஒத்தி வைங்க, மூணு படம் வச்சு மக்களைக் கேளுங்க. படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. கொடி பிடிச்சவங்களும் வாங்க, கேட்கணும்னு சொல்றதுல அவங்களுக்கும் பங்கு உண்டு.

மேசை விரிப்பு ஜோக் போட்ட அண்ணன் முதல் ஆளா வரணும். பேனா நான் தரேன்.