கைப்பேசியில் எது நிலைக்க வேண்டும்? யார் தீர்மானிப்பது?

கொல்கத்தாவின் பவானிபூரில், ஜதுபாபு பஜாரை ஒட்டிய ஒரு கடையில் புதிய ஆண்ட்ராய்டு கைப்பேசி வாங்குபவர், தாம் கேளாத செயலிகள் பல அதில் முன்பே குடியேறியிருப்பதைக் காண்பார். சிலவற்றை நீக்கலாம், சிலவற்றை முடக்க மட்டுமே இயலும், சிலவற்றில் அதற்கும் வழியில்லை. முழு விலை கொடுத்து வாங்கிய பொருளில் எது நிலைக்க வேண்டும் என்பதை வாங்கியவர் தீர்மானிப்பதில்லை.

இதன் தொழில்நுட்ப அடிப்படை எளியது. பயனர் நிறுவும் செயலி தரவுப் பகுதியில் அமர்கிறது. ஃபேக்டரி ரீசெட் செய்தால் அழிந்துவிடும். உற்பத்தியாளர் நிலையாகப் பதிக்கும் செயலி சிஸ்டம் பகுதியில் அமர்கிறது. ரீசெட் அதைத் தொடுவதில்லை. கைப்பேசியை ரூட் செய்தவர்கள் ஒரு காலத்தில் இந்த வேறுபாட்டைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டனர். சிஸ்டம் பகுதியை எழுதத்தக்கதாக மாற்றி, விரும்பிய செயலியின் கோப்பை அங்கே நகர்த்தி, உரிய அனுமதிகளை அமைத்து, கருவியை மறுதொடக்கம் செய்தனர். அதற்கு அவர்கள் கூறிய காரணங்களுள் வலுவானது திருட்டு. திருடியவர் ரீசெட் செய்த பிறகும் எஞ்சியிருக்கும் செயலியே கருவியைத் தேட உதவும்.

ஏறத்தாழ இதே காரணத்தைப் பின்னர் அரசும் கூறியது. 2025 நவம்பர் 28 அன்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, புதிய கைப்பேசிகள் அனைத்திலும் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்றும், அதன் செயல்பாடுகள் முடக்கப்படவோ கட்டுப்படுத்தப்படவோ கூடாது என்றும் உற்பத்தியாளர்களுக்கு உத்தரவிட்டது. தொலைந்த கைப்பேசியைத் தடைசெய்வதும் மோசடி அழைப்புகளைப் புகாரளிப்பதும் பயனுள்ள வசதிகளே. ஆயினும் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் 3 அன்று கட்டாயம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அங்கே எழுந்த கேள்வி செயலி நல்லதா தீயதா என்பது அன்று. அதை நிலைநிறுத்தும் அதிகாரம் யாருடையது என்பதே. உரிமையாளர் தாமே தேர்ந்து பதிக்கும் செயலி காவல். அவரைக் கேளாமல் பிறர் பதிப்பது கண்காணிப்பாக மாறக்கூடியது. இரண்டையும் பிரிப்பது இசைவு ஒன்றே.

நிறுவனங்களின் நிலையும் வேறன்று. 2022 அக்டோபர் 20 அன்று இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. முன்நிறுவிய தன் செயலிகளைப் பயனர் நீக்குவதை அந்நிறுவனம் தடுக்கக் கூடாது என்றும் பணித்தது. 2023 மார்ச் 29 அன்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. ஆனால் நீக்கும் உரிமை பற்றிய பணிப்புரை உள்ளிட்ட நான்கை ரத்துசெய்தது. பயனருக்கு நேரடியாகப் பயன்பட்டிருக்கக்கூடிய ஒன்று அவ்வாறு கைநழுவியது.

இதற்கிடையே பயனரின் சொந்த வழியும் குறுகிவிட்டது. 2019இல் ஆண்ட்ராய்டு 10 வந்த பிறகு வெளியான பல கருவிகளில், ரூட் செய்தவராலும் சிஸ்டம் பகுதியில் நேரடியாக எழுத இயல்வதில்லை. மேஜிஸ்க் போன்ற மென்பொருள்கள் அப்பகுதியைத் தொடாமல் அதன்மேல் ஒரு திரையை விரிக்கின்றன. அத்திரைக்குரிய கோப்புகள் தரவுப் பகுதியில் இருப்பதால் ரீசெட்டில் அவையும் அழிகின்றன. பூட்லோடரைத் திறந்த கருவியில் வங்கிச் செயலிகள் பல இயங்க மறுக்கின்றன. உற்பத்தியாளர் செய்தால் இயல்பெனக் கொள்ளப்படும் அதே செயல், உரிமையாளர் செய்தால் ஐயத்துக்குரியதாகிறது.

பாதுகாப்பை முன்வைத்து இதனை நியாயப்படுத்துவோரின் வாதத்தைப் புறந்தள்ள இயலாது. எழுதத்தக்க சிஸ்டம் பகுதி தீநிரல்களுக்கும் திறந்த வாயிலே. ஆனால் பாதுகாப்பும் உரிமையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. கூகுளின் பிக்சல் கருவிகளில் உரிமையாளர் தம் சொந்தச் சாவியைப் பதித்து, தாம் தேர்ந்த இயங்குதளத்துடன் பூட்லோடரை மீண்டும் பூட்ட இயலும். பூட்டு அப்படியே இருக்கிறது. சாவி மட்டுமே கைமாறுகிறது.

எனவே கோரிக்கைகள் இரண்டு. கருவி இயங்க இன்றியமையாதவை தவிர, முன்நிறுவிய எச்செயலியையும் முற்றிலும் நீக்க இயல வேண்டும். தம் சாவியைப் பதிக்கும் வசதி எல்லா உற்பத்தியாளரின் கருவிகளிலும் உரிமையாளருக்குக் கிடைக்க வேண்டும். அதுவரை கைப்பேசியை வாங்கியவர், விலை கொடுத்தும் அதில் குடியிருப்பவர் மட்டுமே.