மொட்டைக் கோபுரமும் பாதியில் நின்ற விண்வெளிப் போரும்!

ஸ்ரீரங்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் 'மொட்டைக் கோபுரம்' என்று சொல்லிப் பாருங்கள், உடனே தெற்கு வாசல் பக்கம் கை காட்டுவார்கள். அடிப்பகுதியோடு சில நூற்றாண்டுகள் அப்படியே நின்றிருந்த ராயர் கோபுரம்தான் அது. 1979-ல் அஹோபில மடத்தின் 44-வது ஜீயர் அந்த வேலையைக் கையிலெடுத்தார். பலரும் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு நிலையைக் கட்டித் தந்தவர் இளையராஜா. 1987-ல் 13 நிலைகளோடு, 236 அடி உயரத்தில் ராஜகோபுரம் எழுந்து நின்றது. தொடங்கியவர் ஒருவர், முடித்தவர்கள் வேறு!

வீடியோ கேம் உலகிலும் இப்படி ஒரு மொட்டைக் கோபுரம் உண்டு. பெயர் 'ஃப்ரீஸ்பேஸ் 2'.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இருந்த வொலிஷன் நிறுவனம் உருவாக்கி, 1999-ல் வெளியான விண்வெளிப் போர் விளையாட்டு இது. சின்னப் போர் விமானத்தில் நீங்கள், எதிரே ஊர் அளவுக்குப் பெரிய விண்கப்பல்கள். கதையின் கடைசியில் எதிரிகள் ஒரு நட்சத்திரத்தையே வெடிக்க வைக்கிறார்கள். ஏன் அப்படிச் செய்தார்கள், அவர்களுக்கு என்னதான் வேண்டும்? பதில் இல்லை. மூன்றாம் பாகம் வரும் என்று காத்திருந்தார்கள்... வரவே இல்லை. விமர்சகர்கள் கொண்டாடிய அளவுக்குக் கடைகளில் விற்கவில்லை என்பதுதான் சோகம்.

2002-ல் வொலிஷன் ஒரு காரியம் செய்தது. விளையாட்டின் மூல நிரலை, 'இதை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது' என்ற நிபந்தனையோடு எல்லோருக்கும் திறந்துவிட்டது. மிஷன்களை உருவாக்கும் 'ஃப்ரெட்' என்ற எடிட்டர், விளையாட்டு வாங்கியவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. பிறகென்ன, ரசிகர்களே கொத்தனார்கள் ஆனார்கள்!

மிஷன் செய்வது என்றால் கப்பல்களை வரைந்து பறக்கவிடுவது என்று நினைக்க வேண்டாம். பெரும்பகுதி, 'இப்படி நடந்தால் அப்படிச் செய்' என்று எழுதிக்கொண்டே போகும் வேலை. சரக்குக் கப்பல் அழிந்து ஐந்து விநாடி கழித்து, தளபதியின் குரல் வர வேண்டும். எதிரியின் இரண்டாவது அணி, முதல் அணி தீர்ந்த பிறகுதான் வர வேண்டும். இது சுலபம். விளையாடுகிறவர் சொன்னபடி கேட்க மாட்டார் என்பதுதான் தலைவலி. காப்பாற்ற வேண்டிய கப்பலை விட்டுவிட்டு வேறு பக்கம் பறப்பார். சும்மா நின்று வேடிக்கை பார்ப்பார். சொந்த அணியையே சுடுவார். (அப்படிச் சுட்டால் 'துரோகி' பட்டம் கொடுத்து, கூட வந்தவர்களே திருப்பிச் சுடுவார்கள்!) இதில் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே யோசித்து எழுத வேண்டும். இருபது நிமிட ஆட்டத்துக்குப் பின்னால் பல வார ராத்திரிகள் இருக்கும்.

திருச்சிக்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம் இனிமேல்தான். இந்த விளையாட்டில் வரும் வேற்றுக்கிரக எதிரிகளின் பெயர் 'ஷிவன்கள்'. அழிக்கும் கடவுள் சிவன் என்பதால் அந்தப் பெயர். அவர்களின் பிரமாண்டக் கப்பல்களில் ஒன்று 'ராவணா', இன்னொரு வகை 'ராட்சசா'. ராவணனைச் சிவன் பக்கம் நிறுத்தியது தெரிந்தோ தெரியாமலோ பொருந்திவிட்டது. ஆனால், திருவானைக்காவலில் ஜம்புகேஸ்வரரைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த 'அழிப்பவர்' அடையாளம் ரொம்பவே குறுகலாகத் தெரியும். சைவத்தில் அழித்தல் என்பது ஐந்தொழிலில் ஒன்று மட்டும்தானே? அங்கே அவர் நீராக அல்லவா இருக்கிறார்!

அந்தக் குறையை ஓரளவு சரிக்கட்டியவர்கள் ரசிகர்கள்தான். 'ப்ளூ பிளானட்' என்ற ரசிகர் தொடரில், ஷிவன்களுக்கு மறுபக்கமாக 'விஷ்ணன்கள்' என்றொரு இனத்தைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் காப்பவர்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஒரே தீவில் ரங்கநாதரும் ஜம்புகேஸ்வரரும் அக்கம்பக்கமாக இருக்கும் ஊருக்கு, இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்குமா? ராவணனின் தம்பி விபீஷணன் இலங்கைக்குக் கொண்டுபோன ரங்க விமானம் இங்கேயே தங்கிவிட்டது என்பதும், தடுத்த சிறுவனை அவன் துரத்திக்கொண்டு போன இடம்தான் உச்சிப் பிள்ளையார் கோயில் என்பதும் தல வரலாறு. இதையே யாராவது ஒரு மிஷனாக எழுதலாம். விமானத்தைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை, சேராது என்பது கதை!

'ப்ளூ பிளானட்' தொடரின் இரண்டாம் பாகம் 'வார் இன் ஹெவன்'. முதல் பாகத்தில் யாருக்காகப் பறந்தோமோ, அவர்களையே எதிர்த்து பூமிக்காகச் சுட வேண்டும். வேற்றுக்கிரகவாசிகளைச் சுடும்போது வராத தயக்கம் அங்கே வரும். இதற்கு எழுதியவர்களில் ஒருவர் செத் டிக்கின்சன். 2015-ல் 'தி ட்ரெய்ட்டர் பாரு கார்மரன்ட்' நாவலை வெளியிட்டு, இன்று அறியப்பட்ட எழுத்தாளராக இருக்கிறார். 'கேம் விளையாடி என்னத்தைக் கிழிக்கப்போறே?' என்று கேட்கும் அப்பாக்களிடம் சொல்ல ஒரு பெயர் இருக்கிறது.

எல்லோருக்கும் அந்த வாய்ப்பு வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த மிஷன்களை விற்க முடியாது. குரல் கொடுத்தவர், இசை சேர்த்தவர், சோதித்துப் பார்த்தவர் யாருக்கும் சம்பளம் கிடையாது. வேலை, கல்யாணம், குழந்தை என்று ஆட்கள் ஒவ்வொருவராக விலகுவார்கள். உரிமையோ வேறொருவரிடம். 2013-ல் ஃப்ரீஸ்பேஸ் உரிமை ஏலத்துக்கு வந்தபோது, இன்டர்பிளே நிறுவனம் அதை 7,500 டாலருக்கு வாங்கியது. அன்றைய மதிப்பில் ஐந்து லட்சம் ரூபாய்கூட இல்லை! 2023 ஆகஸ்ட்டில் வொலிஷன் நிறுவனமே மூடப்பட்டது. ரசிகர்கள் மெருகேற்றிய நிரல் மட்டும் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு மூல விளையாட்டு 'ஜிஓஜி' தளத்தில் விலைக்குக் கிடைக்கிறது. ரசிகர்களின் படைப்புகள் எல்லாம் இலவசம். முதல் மிஷனில் ஒரு சரக்குக் கப்பல், ஒரு எதிரி போதும். இரண்டு நிமிடம் கழித்து எதிரி வர வேண்டும் என்று திட்டமிடுவீர்கள். ஓடவிட்டுப் பார்த்தால், ஆரம்பத்திலேயே பக்கத்தில் வந்து நின்றிருப்பான். வருகைக்கான நிபந்தனையை மாற்ற மறந்திருப்பீர்கள்!