வேங்கடத்தில் காயா நடுவோம்

திருமாலின் நிறத்துக்குக் கடலையும் கார்முகிலையும் உவமை சொன்ன தமிழ் மரபு, ஒரு புதர்ச்செடியின் பூவையும் சொன்னது. அதுவே காயா. பூவை என்பதும் அதன் பெயர். தொல்காப்பியப் புறத்திணையியலில் ‘பூவைநிலை’ என்றொரு துறையே உண்டு. பூவை மலரை மாயோனின் நிறத்தோடு ஒப்பிட்டுப் போற்றுவது என்றும், மன்னனை மாயோனோடு ஒப்பிடுவது என்றும் அதற்கு உரைகள் விரியும். குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியலிலும் காயாவுக்கு இடமுண்டு.

நூலில் இத்தனை செல்வாக்குப் பெற்ற செடியை, அந்நூலைப் பயிலும் மாணவருள் எத்தனை பேர் கண்டிருப்பர்? ‘ஒருவகை நீலப்பூ’ என்ற குறிப்போடு பாடம் முடிந்துவிடுகிறது. இத்தனைக்கும் காயா அருகிப்போன செடியன்று. கிழக்குத் தொடர்ச்சி மலையின் புதர்க்காடுகளிலும், சோழமண்டலக் கரையின் கோயிற்காடுகளிலும் இன்றும் வளர்கிறது. தெலுங்கில் இதனை ‘அல்லி’ என்பர். சித்தூர்ப் பகுதியில் இருமொழியும் பேசும் தமிழ் மாணவர் இதைக் குளத்து அல்லியோடு குழப்பிக்கொள்ளலாகாது.

தாவரவியலார் இதனை மெமெசிலான் என்பர். தடித்துப் பளபளக்கும் கரும்பச்சை இலைகள் எதிரெதிராக அமையும். இலைக் கக்கங்களிலும், இலை உதிர்ந்த பழைய கணுக்களிலும் சிறு பூக்கள் கொத்தாகத் திரளும். வேனிலில் கிளை முழுவதும் நீலம் போர்த்தது போலத் தோன்றும். தேனீக்கள் மொய்க்கும். கறுத்துப் பழுக்கும் சிறு கனி உண்ணத்தக்கது. இலையில் அலுமினியம் செறிந்திருப்பதால், சாயத்தைத் துணியில் பற்றவைக்கப் படிகாரத்துக்கு மாற்றாக அதனைப் பயன்படுத்தினர். ‘மெமெசிலான் டிங்டோரியம்’ என்ற பழைய அறிவியற்பெயரே சாயத்தொழிலைச் சுட்டுவதுதான்.

ஆயினும் நம் நகரச் சாலைகளின் நடுத்திட்டுகளை ஆள்பவை காகிதப்பூ, டுராண்டா, டெக்கோமா முதலியவை. மூன்றும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. அயற்செடி என்பதற்காக எதையும் வெறுப்பவன் அல்லன் நான். மிளகாயும் அங்கிருந்து வந்ததே. உள்ளூர்ச் செடிக்கு ஒரு பாத்தி கூட ஒதுக்காத மனநிலையையே மறுக்கிறேன்.

காயா மெல்ல வளரும். நாற்றங்கால் நடத்துவோர் அதை விரும்பாமைக்கு இதுவே முதற்காரணம். எனக்கோ அது குறையாகத் தோன்றவில்லை. விரைந்து வளரும் வேலிச்செடியை ஓயாமல் கத்தரிக்க ஆள் வேண்டும். காயாவுக்கு அத்தனை வேலையில்லை. கத்தரித்தாலும் பூக்கும் பழைய கிளைகளை விட்டுவைத்தால் போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: காட்டிலிருந்து செடியைப் பெயர்த்து வரலாகாது. சேஷாசலம் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதனுள் அடங்கும் ஸ்ரீவேங்கடேஸ்வரா தேசியப் பூங்கா 1989 முதல் உள்ளது. பூங்காவில் செடியை அகற்றுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். செம்மரத்துக்கு நேர்ந்த கதி நாம் அறிந்ததே. விதைவழி நாற்றே முறையான வழி. கோயிற்காட்டு இனங்களை நாற்றாக்கி வளர்ப்பதில் ஆரோவில் நாற்றங்கால்களுக்கு நெடுநாள் அனுபவம் உண்டு. அவர்களைக் கேட்கலாம்.

திருப்பதி ஸ்ரீவேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறை இருக்கிறது. குப்பம் திராவிடப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கப்படுகிறது. முன்னது நாற்று வளர்க்கட்டும். பின்னது தன் வளாகத்தில் ஒரு வரிசை நடட்டும். நன்கு பழுத்த கனியின் சதையை நீக்கி, விதை காயுமுன் விதைக்க வேண்டும். முதற்பூ காணச் சில ஆண்டுகள் ஆகும். இன்று முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்பவர் முடித்து வெளியேறும் காலத்துக்குள் அது பூக்காமலும் போகலாம். அவருக்குப் பின் வருபவர் பார்ப்பார்.