லொட லொட சத்தம்!

"பழைய வண்டி. சத்தம் வரத்தான் செய்யும்."

அம்பாசிடர் கார் வைத்திருக்கும் பலர் இப்படிச் சொல்கிறார்கள். இது தவறு!

வயதாகிவிட்டது என்பதற்காக எந்த வண்டியும் சத்தம் போடுவது இல்லை. எதுவோ தளர்ந்து இருக்கிறது. அது எதன் மீதோ மோதுகிறது. அதுதான் சத்தம்.

மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் தயாரிப்பு 2014-ம் ஆண்டு நின்றுவிட்டது. ஆகவே, இன்று ஓடும் அம்பாசிடர் எல்லாமே பழைய வண்டிதான்!

நமது நண்பர் ஒருவரிடம் 1972-ம் ஆண்டு கார் இருக்கிறது. அவருடைய தந்தை வாங்கியது. ஒரு நாள் அதன் பின்பக்கத்தில் "லொட லொட" என்று சத்தம் கேட்டது.

ஒரு பட்டறைக்குப் போனார். "ஷாக் அப்சார்பர் போய்விட்டது" என்றார்கள். மாற்றினார். சத்தம் போகவில்லை. இன்னொரு பட்டறையில் சைலன்சரை மாற்றினார்கள். பணம் போனது; சத்தம் மட்டும் போகவில்லை!

கடைசியாக, வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனார். அவர் ஸ்பானரைத் தொடவில்லை. இரண்டு கேள்விகள் கேட்டார்.

"சத்தம் எப்போது வருகிறது, தம்பி?"

"மெதுவாகப் போனால் வருகிறது, அண்ணே. வேகமாகப் போனால் நின்றுவிடுகிறது."

"அதற்கு முன்னால் வண்டிக்கு என்ன வேலை பார்த்தீர்கள்?"

"திருச்செந்தூர் போய்வரும்போது பஞ்சர். சக்கரம் மாற்றினோம்."

பெரியவர் பின் சக்கரத்தின் வீல் கப்பைக் கழற்றினார். உள்ளே இருந்து ஒரு நட்டு தரையில் விழுந்தது! மற்ற நட்டுகளும் தளர்ந்து இருந்தன. நண்பருக்கு வியர்த்துவிட்டது. அந்த வண்டியில்தான் குழந்தைகளைத் தினமும் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டுக்கொண்டு இருந்தார்.

வேகமாகப் போனால் சத்தம் ஏன் நின்றது? தண்ணீர் உள்ள வாளியை வேகமாகச் சுழற்றினால் தண்ணீர் சிந்தாது அல்லவா? அதுபோல, சக்கரம் வேகமாகச் சுற்றும்போது நட்டு வீல் கப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். சத்தம் இருக்காது. ஆனால், ஆபத்து அப்போதுதான் அதிகம்!

சக்கரம் மாற்றினால், 50 முதல் 100 கிலோ மீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடியும் முடுக்க வேண்டும். பலர் இதைச் செய்வது இல்லை.

பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்லமாட்டோம். "ஏதோ சத்தம் வருகிறது, பாருங்கள்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? ஒவ்வொன்றாக மாற்றித்தான் பார்ப்பார்கள். செலவு நம்முடையது. சிலர் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுகிறார்கள். அது இன்னும் மோசம்!

வண்டி நிற்கும்போதே ஆக்சிலேட்டரை மிதித்துப் பாருங்கள். அப்போது சத்தம் வந்தால், அது என்ஜின் பக்கம் அல்லது சைலன்சர் குழாய். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் வந்தால் ஸ்பிரிங், கதவு இவற்றைப் பார்க்க வேண்டும். சக்கரம் சுற்றச் சுற்ற வந்தால் வண்டியை உடனே ஓரமாக நிறுத்துங்கள். வீல் கப்பைக் கழற்றிப் பார்க்காமல் நகராதீர்கள். ஓட்டுகிறவருக்குச் சத்தம் வரும் இடம் சரியாகத் தெரியாது. பின் சீட்டில் ஒருவரை உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

நண்பரின் கார் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. போன வாரம் மறுபடியும் ஒரு சத்தம். "கிண் கிண்" என்று கேட்டது. பதறிப்போய் வண்டியை நிறுத்தி, டிக்கியைத் திறந்தார்.

உள்ளே, மனைவி மறந்து வைத்துவிட்ட டிபன் கேரியர்!